பூவாளி பிடித்த ரோபோ

சின்ன வயதில் ஒரு படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் தொலைக்காட்சியில் பார்த்தேன். பெரிய கண்ணாடிக் கூண்டு, உள்ளே மரமும் செடியுமாக ஒரு காடு, நடுவில் என் இடுப்பு உயரம்கூட இல்லாத குட்டி ரோபோ ஒன்று. தலை என்று தனியாக எதுவும் கிடையாது, பெட்டிக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். அதன் கையில் அடிவாங்கிய ஒரு பூவாளி. அது பாட்டுக்குச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அசைந்து அசைந்து போகிறது. கேமரா விலக விலக, அந்தக் காடு மொத்தமும் கருப்பு வானத்தில் ஒற்றையாக மிதப்பது தெரிகிறது. பின்னணியில் ஒரு பெண் குரல் பாடுகிறது. அதோடு படம் முடிந்து வேறு ஏதோ நிகழ்ச்சி வந்துவிட்டது.

அன்றைக்கு எனக்கு வந்த கவலை ஒன்றே ஒன்றுதான். பூவாளியில் தண்ணீர் தீர்ந்தால் யார் நிரப்புவார்கள்?

படத்தின் பெயர் தெரியாது. நடிகர் தெரியாது. எந்த மொழியில் பேசினார்கள் என்பதுகூட நினைவில்லை, ஏனென்றால் ரோபோ பேசவேயில்லை. ஆனால் முப்பது வருஷமாக எங்கேயாவது யாராவது பூவாளியைத் தூக்கினால் அந்த ரோபோதான் ஞாபகத்துக்கு வரும்.

போன விடுமுறையில் அக்கா மகள் வந்திருந்தாள். எட்டு வயது. ரோபோ படம் வரைந்துகொண்டிருந்தவளிடம் வாய் சும்மா இருக்காமல் இந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். "சரி மாமா, அந்தப் படத்தைப் போடு" என்றாள். போட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். கையில் போன் இருக்கிறது, வீட்டில் இரண்டு ஓடிடி சந்தா இருக்கிறது, ஒரு பழைய படத்தைத் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? அவள் ஊருக்குத் திரும்பிப் போய், பள்ளிக்கூடம் திறந்து, பரீட்சை எழுதி, அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் வந்த பிறகுதான் அந்தப் படம் எங்கள் வீட்டுத் திரையில் ஓடியது. நடுவில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி ஏதாவது ஒரு பழைய அறிவியல் புனைகதைப் படத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் சிக்கல் பெயர். ரோபோ, செடி, விண்வெளி என்று போட்டுத் தேடினால் இணையம் மொத்தமும் 'வால்-ஈ'யைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அது 2008இல் வந்த படம். அதிலும் ரோபோ உண்டு, செடி உண்டு, விண்கப்பல் உண்டு, குறை சொல்ல முடியாது. எப்படி மாற்றிப் போட்டாலும் அதே படம், அல்லது அதன் பொம்மை, அல்லது அந்தப் பொம்மை அச்சடித்த பனியன். நமக்கு எது முக்கியம் என்று தேடுபொறிக்குத் தெரியாது, ஊருக்கு எது பிரபலம் என்பதுதான் தெரியும். இரண்டு நாள் முட்டிப் பார்த்துவிட்டு ரோபோவையே கழற்றிவிட்டேன். என் நினைவில் இருந்ததிலேயே பெரிய விஷயத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். கண்ணாடிக் குமிழுக்குள் காடு, விண்கப்பல். அந்தப் பாட்டின் தினுசையும், படத்தில் வந்த ஒரே மனிதர் போட்டிருந்த நீள அங்கியையும் யோசித்து, 1970கள் என்று ஒரு குத்துமதிப்பையும் சேர்த்து ஆங்கிலத்தில் அடித்தேன். முதல் வரியிலேயே வந்து நின்றது. 'சைலன்ட் ரன்னிங்', 1972.

பெயர் கிடைத்த அன்றைக்குப் படத்தைவிட படத்தைப் பற்றிப் படித்ததுதான் அதிகம். இயக்குநர் டக்ளஸ் ட்ரம்புல், ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்குத் தந்திரக் காட்சிகள் செய்தவர்களில் ஒருவர். அந்தப் படத்தில் கப்பல் சனிக்கிரகத்துக்குப் போவதாகத்தான் முதலில் திட்டம். சனியின் வளையங்களை நம்பும்படியாகச் செய்துகாட்ட முடியாமல் வியாழனுக்கு மாற்றிக்கொண்டார்கள். மனிதர் அதை மனசிலேயே வைத்திருந்து, தான் இயக்கிய முதல் படத்திலேயே சனியின் வளையத்துக்குள் ஒரு கப்பலை ஓட்டிவிட்டார். அந்தக் கப்பலின் உட்புறமாக நாம் பார்ப்பது, உடைப்பதற்கு ஒதுக்கியிருந்த நிஜமான விமானந்தாங்கிக் கப்பல். அதன் பெயர் வேலி ஃபோர்ஜ், படத்திலும் அதே பெயரையே வைத்துவிட்டார்கள். எனக்குப் பெரிய ஆச்சரியம் ரோபோக்கள்தான். உள்ளே இருந்து அவற்றை இயக்கியவர்கள் இரண்டு கால்களையும் இழந்த நடிகர்கள், கைகளால் நடந்திருக்கிறார்கள். அந்த அசைந்து அசைந்து போகிற நடை முப்பது வருஷமாக ஏன் என்னை விட்டுப் போகவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அது இயந்திரத்தின் நடையே இல்லை.

சரி, பெயர் கிடைத்துவிட்டது, இனி என்ன என்று போனை எடுத்தேன். அந்தப் பெயரைப் போட்டால் சத்தமில்லாமல் ஓடுகிற டிரெட்மில் வருகிறது, ஓட்டக் காலணி வருகிறது, மின்விசிறிகூட வந்தது. எதிரியின் காதில் விழாமல் நீர்மூழ்கிக் கப்பல் ஓசையை அடக்கிக்கொண்டு போவதற்குத்தான் ஆங்கிலத்தில் சைலன்ட் ரன்னிங் என்பார்கள். அதனால் 1958இல் வந்த 'ரன் சைலன்ட், ரன் டீப்' என்ற நீர்மூழ்கிப் படமும் தவறாமல் வந்து குறுக்கே நிற்கும். வருஷத்தைச் சேர்த்துப் போட்ட பிறகுதான் கொஞ்சம் தெளிந்தது. பழைய படம் தேடுகிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான், பெயரோடு வருஷத்தையும் இயக்குநர் பெயரையும் எப்போதும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் புனைகதையில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம், ஏனென்றால் நன்றாக ஓடிய ஒவ்வொன்றையும் மறுபடி எடுத்து வைத்திருக்கிறார்கள். 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' 1951இலும் உண்டு, 2008இலும் உண்டு. 'தி ஃப்ளை' 1958, 1986. 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' 1953, 2005. என் நண்பர் ஒருவர் ரஷ்ய இயக்குநர் தர்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' பார்க்க உட்கார்ந்து, ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் க்ளூனி வந்து நின்ற பிறகுதான் தான் 2002ஆம் வருஷத்துப் படத்தை வாடகைக்கு எடுத்திருப்பதை உணர்ந்தார். காசு போனது போனதுதான்.

நம்முடைய பழைய படங்களுக்கு இந்தத் தொல்லை வேறு விதத்தில் வரும். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 1963இல் வந்த ஒரு படத்தில், வேற்றுக்கிரகத்திலிருந்து வருகிறவர்கள் தங்களுக்குச் சங்கீதம் சொல்லித்தர கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பறக்கும் தட்டெல்லாம் உண்டு. அதை 'கலை அரசி' என்று பிரித்தும் தேட வேண்டும், 'கலையரசி' என்று சேர்த்தும் தேட வேண்டும், ஆங்கில எழுத்தில் ஏற்றியிருந்தால் ஒற்றை எழுத்தா இரட்டை எழுத்தா என்று நாலு விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அது தனிக் கதை.

என் கதைக்கு வருகிறேன். எந்தப் படம் எந்த ஓடிடியில் இருக்கிறது என்று காட்டுவதற்கே ஜஸ்ட்வாட்ச் மாதிரியான தளங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செயலியாகத் திறந்து தேடுவதைவிட அங்கே ஒரே ஒரு தடவை போட்டால் போதும். சந்தாவுக்குள் வருகிறதா, வாடகையா, விலைக்கா, விளம்பரத்தோடு இலவசமா என்று பிரித்துக் காட்டும். போட்டேன். இரண்டு மூன்று இடங்களில் இருப்பதாகக் காட்டியது. சந்தோஷத்தில் அக்கா மகளுக்குக் குரல் செய்தியே அனுப்பிவிட்டேன், "படம் கிடைச்சிடுச்சுடா!" என்று. அப்புறம்தான் மேலே ஓரத்தில் நாடு என்ற இடத்தைப் பார்த்தேன். வேறு ஏதோ நாட்டின் கொடி. எப்போதோ எதையோ தேடும்போது நானே மாற்றி வைத்திருக்கிறேன். நான் இருக்கும் நாட்டுக்கு மாற்றினதும் பட்டியல் காலி.

இதோடு விட்டிருக்கலாம். வேறொரு சேவையில், பெயர் வேண்டாம், படத்துக்கென்று ஒரு முழுப் பக்கமே இருந்தது. சுவரொட்டி இருந்தது, கதைச்சுருக்கம் இருந்தது, கீழே முக்கோணப் பொத்தானும் பளபளவென்று இருந்தது. ஒரு மாத சந்தா கட்டினேன். பொத்தானை அழுத்தினால் ஓடியது முன்னோட்டம். மறுபடி அழுத்தினேன், மறுபடியும் முன்னோட்டம். வாடிக்கையாளர் உதவிக்கு எழுதியதற்கு, "இந்தத் தலைப்பு தற்போது உங்கள் பகுதியில் இல்லை, ஆனால் இதே போன்ற தலைப்புகள் உங்களுக்குப் பிடிக்கலாம்" என்று பதில் வந்தது. பிடிக்கலாம் என்று அவர்கள் கொடுத்த பட்டியலில் முதலில் இருந்தது என்ன என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. 'வால்-ஈ'.

ஏன் இப்படி என்று கோபத்தில் தோண்டிப் பார்த்ததில் ஒரு விஷயம் உருப்படியாகப் புரிந்தது. ஓடிடிக்காரர்கள் இந்தப் படங்களை வாங்கி வைப்பதில்லை, வாடகை வீட்டில் குடியிருப்பது மாதிரி ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். இந்த நாட்டுக்கு, இத்தனை மாதத்துக்கு, இன்ன முறையில் காட்ட மட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரையறை. காலம் முடிந்தால் படம் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடும், மறுபடி யாராவது ஒப்பந்தம் போட்டால்தான் திரும்பி வரும். புதுப்படத்துக்கு வரிசையில் நிற்பார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய படத்துக்காக ஒரு சின்னச் சந்தையில் காகித வேலை செய்ய யாருக்கும் அவசரமில்லை. இதில் பாட்டு உரிமை ஒருவரிடம், படம் இன்னொருவரிடம் என்று இருந்தால் இன்னும் சிக்கல்.

படம் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் எந்தச் செயலியில் வர வாய்ப்பு அதிகம் என்று ஓரளவுக்கு ஊகிக்கலாம், ஆனால் படத்தின் தொடக்கத்தில் வரும் சின்னத்தை மட்டும் நம்பக் கூடாது. 1956இல் வந்த 'ஃபர்பிடன் பிளானட்' தொடங்கும்போது எம்.ஜி.எம் நிறுவனத்தின் சிங்கம்தான் கர்ஜிக்கும், '2001'உம் 1968இல் எம்.ஜி.எம் படமாகத்தான் வந்தது. அமேசான் 2022இல் எம்.ஜி.எம்மை வாங்கிவிட்டதே, அப்படியானால் இவை அங்கேதானே இருக்கும் என்று நினைப்போம். கிடையாது. 1986இல் அமெரிக்கத் தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னர் எம்.ஜி.எம்மை வாங்கி, கொஞ்ச நாளில் நிறுவனத்தைத் திருப்பி விற்றுவிட்டு, அதுவரை வந்த பழைய படங்களை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவருடைய நிறுவனம் 1996இல் டைம் வார்னரோடு சேர்ந்தது. ஆகவே சிங்கம் ஓரிடத்தில், அது கர்ஜித்த படங்கள் வார்னரிடம். அதே போல ஃபாக்ஸின் பழைய படங்கள் 2019இலிருந்து டிஸ்னி வீட்டுப் பிள்ளைகள். என் ரோபோ யூனிவர்சல் வீட்டுப் பிள்ளை, பிறந்ததிலிருந்து வீடு மாறவில்லை. அது தெரிந்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது வேறு விஷயம். ஜஸ்ட்வாட்சில் இந்தப் படம் வந்தால் சொல்லு என்று மணியை அழுத்தி வைத்துவிட்டுக் காத்திருக்கத் தொடங்கினேன்.

காத்திருந்த வாரங்கள் வீண்போகவில்லை. ஒன்றைத் தேடப் போய் வேறு சிலது வெளிப்படையாக, இலவசமாக, சட்டப்படியே கிடைப்பது தெரிந்தது. நண்பரைக் கவிழ்த்த 'சோலாரிஸ்' இருக்கிறதே, அந்த 1972 ரஷ்யப் படத்தை மாஸ்ஃபிலிம் நிறுவனமே தன் யூடியூப் சேனலில் ஆங்கில வசனவரிகளோடு ஏற்றி வைத்திருக்கிறது. எடுத்தவர்களே போட்டிருக்கும்போது நாம் ஏன் வேறு யாரிடமோ கையேந்த வேண்டும்? ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' 1927இல் வந்தது, அமெரிக்காவில் 2023 தொடங்கியபோது பதிப்புரிமைக் காலம் முடிந்து, யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுவுடைமை ஆகிவிட்டது. பழைய படங்களைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேடினால் பல பிரதிகள் கிடைக்கும், ஆனால் அங்கே கண்ணை மூடிக்கொண்டு முதலில் வருவதைப் பார்க்காதீர்கள். வெளியான சில மாதங்களிலேயே அந்தப் படத்தை வெட்டித் தள்ளிவிட்டார்கள், வெட்டிய பகுதிகள் அழிந்தே போனதாகத்தான் பல காலம் நினைத்தார்கள். 2008இல் அர்ஜென்டினாவின் ப்யூனஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு 16 மி.மீ. பிரதி அகப்பட்டது, காணாமல் போயிருந்த சுமார் 25 நிமிடம் அதில் இருந்தது. அதைச் சேர்த்துச் செப்பனிட்ட வடிவம் 2010இல் வந்தது, ஓட்டம் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கும் படத்தில் திடீரென்று கீறல் மழையாகக் கொட்டி, படமும் சட்டத்துக்குள் கொஞ்சம் சுருங்கினால், அர்ஜென்டினாவிலிருந்து வந்த துண்டைப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் தடவை எரிச்சலாக இருக்கும். விஷயம் தெரிந்த பிறகு அந்தக் கீறலுக்காகவே காத்திருப்போம். ஆனால் புதிதாகச் செப்பனிட்ட வடிவத்துக்கும் இசைக்கும் தனி உரிமை இருக்கலாம், பொதுவுடைமை என்பதும் நாட்டுக்கு நாடு மாறும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சு இயக்குநர் மெலியேவின் 1902 நிலாப் பயணப் படத்தை அக்கா மகளுக்கு அனுப்பினேன். கால் மணி நேரப் படம். நிலாவின் கண்ணில் ராக்கெட் போய்ச் சொருகுவதைப் பார்த்துவிட்டு, "நிலா பாவம் மாமா. ரோபோ படம் எங்கே?" என்று கேட்டு அனுப்பினாள். ஏமாறுகிற ஆளில்லை.

இந்த இடத்தில்தான் நான் வழுக்கினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு வீடியோ தளத்தில் யாரோ முழுப்படத்தையும் ஏற்றியிருந்தார்கள். உரிமை இல்லாத பிரதி என்று பார்த்ததுமே தெரியும், இருந்தாலும் திறந்தேன். படம் ஒரு சின்னப் பெட்டிக்குள் ஓடியது, சுற்றிலும் நட்சத்திரம் மினுங்கும் ஒரு சட்டம். குரல்கள் எல்லாம் கீச்சென்று இருந்தன. ஏதோ சரியில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கப்பலின் மேலே எழுதியிருந்த எழுத்துகள் வந்ததும் புரிந்தது, எல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி வலம் இடமாக மாறியிருந்தன. தளத்தின் தானியங்கிக் கண்காணிப்பில் மாட்டாமல் இருக்கப் படத்தைத் திருப்பிப் போட்டு, வேகத்தைக் கூட்டி, சட்டம் கட்டி ஏற்றியிருக்கிறார்கள். முப்பது வருஷம் காத்திருந்து, இடதுகைப் பழக்கமாகிவிட்ட ரோபோவைப் பார்க்க மனசு வரவில்லை. மூடிவிட்டேன். நல்லொழுக்கம் என்று என்னைப் பாராட்ட வேண்டாம், படம் நன்றாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

கடைசியில் வழி காட்டியது வட்டுதான். டிவிடி எல்லாம் செத்துப்போய்விட்டது என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். நெட்ஃப்ளிக்ஸே 1998இல் தொடங்கிய தன் டிவிடி தபால் சேவையை 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. ஆனால் பழைய அறிவியல் புனைகதைப் படங்களைப் பொறுத்தவரை வட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது, சொல்லப்போனால் செப்பனிட்ட நல்ல பிரதி முதலில் வட்டாகத்தான் வருகிறது. யாரும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று அலமாரியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஓடிடியில் 'வாங்கு' என்று இருக்கிற பொத்தானை அழுத்தி வாங்கினால்கூட நமக்குக் கிடைப்பது பார்ப்பதற்கான அனுமதி மட்டும்தான். பழைய டிவிடி ஒன்று இரண்டாம்கை விலைக்குக் கிடைத்தது, வரவழைத்தேன்.

அட்டையைத் திருப்பிப் பார்த்ததும் பகீரென்றது. ஓட்டம் 85 நிமிடம் என்று போட்டிருந்தது. படம் 89 நிமிடம் என்றுதான் எல்லா இடத்திலும் படித்திருந்தேன். நாலு நிமிடத்தை எங்கே வெட்டினார்கள்? பூவாளியை வெட்டியிருந்தால்? பழைய படங்களில் இந்தப் பயம் நியாயமானதுதான். 1982இன் 'பிளேட் ரன்னர்' திரையரங்கில் வந்தபோது கதாநாயகனின் பின்னணிப் பேச்சோடும், மலைக்காட்சியில் கார் போகிற ஒரு சுப முடிவோடும் வந்தது, அந்த மலைக்காட்சிகூட குப்ரிக்கின் 'தி ஷைனிங்'குக்காக எடுத்து மிஞ்சிய பிலிம். 1992இல் வந்த வடிவத்தில் பேச்சையும் எடுத்துவிட்டார்கள், முடிவையும் எடுத்துவிட்டார்கள், ஒற்றைக் கொம்புக் குதிரைக் கனவு ஒன்றைச் சேர்த்தார்கள். 2007இல் வந்த 'ஃபைனல் கட்' இயக்குநர் ரிட்லி ஸ்காட் முழுதாகத் தன் விருப்பப்படி செய்தது. மழை கொட்டும் இரவில் புறா பறந்து போகும் இடம் பழைய பிரதியில் திடீரென்று நீல வானமாக இருக்கும், இதில் அதை இரவாக்கியிருக்கிறார்கள். திருத்தம் நல்லதுதான். ஆனால் நீல வானத்தோடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு என்னவோ கைவிட்டுப் போன மாதிரி இருக்கும். எந்த வடிவத்தைப் பார்த்தோம் என்று தெரியாமல் எங்கே பார்க்கலாம் என்று தேடுவதில் பாதி உழைப்பு வீண்.

என் நாலு நிமிடத்துக்கு விடை வேறாக இருந்தது. திரையரங்கில் படம் நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) ஓடும். ஐரோப்பாவிலும் இன்னும் பல நாடுகளிலும் பழைய தொலைக்காட்சி முறையான பால் (PAL), நொடிக்கு 25. அதற்காகத் தயாரித்த டிவிடியில் படத்தையே லேசாக வேகம் கூட்டி ஓட்டிவிடுவார்கள், நூற்றுக்கு நாலு பங்கு. 89ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்துப் பாருங்கள், 85 சொச்சம். ஒரு காட்சிகூடப் போகவில்லை. அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அடுத்தது மண்டலம். டிவிடிக்கு உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், ப்ளூரேக்கு ஏ, பி, சி என்று மூன்று. ஒரு மண்டலத்து வட்டு இன்னொரு மண்டலத்துப் பெட்டியில் ஓடாது, எந்த மண்டலமும் இல்லாத வட்டாக இருந்தால் பிழைத்தோம். மடிக்கணினியில் வட்டு போடுகிற இடமே இப்போது இல்லை, நண்பரிடமிருந்து வெளியே செருகுகிற டிரைவை வாங்கி வந்தேன். வட்டைப் போட்டதும் கணினி ஒரு எச்சரிக்கை காட்டியது. மண்டலத்தை மாற்ற வேண்டும், இன்னும் 1 முறைதான் மாற்ற முடியும். இந்த டிரைவ்களில் மொத்தம் ஐந்து தடவைதான் மாற்றலாம், அதற்குப் பிறகு கடைசியாக வைத்த மண்டலத்திலேயே பூட்டிக்கொள்ளும். நாலு தடவையை நண்பர் ஏற்கெனவே எதற்கோ தீர்த்திருக்கிறார். போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த ரோபோவுக்காகவா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, மாத்து" என்றார். நல்ல மனுஷன்.

வசனவரிகள் கடைசித் தடை. வட்டில் இல்லை, இணையத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கினேன். தொடக்கத்தில் சரியாக இருந்தது, போகப் போக வாய் அசைந்து முடிந்து வெகு நேரம் கழித்து வரி வந்தது. அதே 24, 25 விவகாரம்தான். முன்னே பின்னே தள்ளினால் சரியாகாது, வேகத்தையே மாற்ற வேண்டும். வசனவரி திருத்தும் இலவச மென்பொருள் ஒன்றில், 24க்கு மயிரிழை குறைவான 23.976இலிருந்து 25க்கு மாற்றியதும் கச்சிதமாகப் பொருந்தியது.

இதற்குள் அக்கா மகள் வந்துவிட்டாள். படத்துக்கு அமெரிக்காவில் எல்லோரும் பார்க்கலாம் என்ற ஜி சான்றிதழ்தான் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் கதாநாயகன் தன்னோடு வேலை செய்யும் மூன்று பேரைக் கொல்வதாகப் படித்திருந்தேன். அந்தக் காலத்துச் சான்றிதழை நம்பி எட்டு வயதுக் குழந்தையை உட்காரவைக்க எனக்குத் தைரியமில்லை, ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்து அந்தப் பகுதியை ஓட்டிவிட்டேன். பூமியில் செடிகொடி எதுவும் மிச்சமில்லை, கடைசிக் காடுகளை விண்கப்பல்களில் வைத்து வளர்க்கிறார்கள், காடுகளை வெடித்து அழித்துவிட்டுத் திரும்பி வா என்று உத்தரவு வருகிறது, கதாநாயகனாக வரும் ப்ரூஸ் டெர்ன் மட்டும் மறுக்கிறார். கதை இவ்வளவுதான். அவர் ரோபோக்களுக்குச் சீட்டாடச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே அந்த ஐந்தாவது தடவையைச் செலவழித்திருக்கலாம்.

அப்புறம் காட்டில் இலைகள் வாட ஆரம்பிக்கும். தாவரவியல் படித்த மனிதர் என்ன காரணம் என்று புத்தகமாகப் புரட்டிக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்வார். என் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது. "வெயிலே இல்லையே மாமா!" சனிக்கிரகம் இருக்கும் தூரத்தில் வெயில் இங்கே இருப்பதில் தொண்ணூறில் ஒரு பங்குதான். அவருக்கு அது உறைக்க இன்னும் வெகு நேரம் ஆனது. படத்தின் பெரிய ஓட்டை இதுதான், இந்தப் படத்தை எவ்வளவு பிடித்தாலும் இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசியில் விளக்குகள் எரிகின்றன, காடு தனியாகப் பிரிந்து போகிறது, ஜோன் பயஸ் பாடுகிறார், ரோபோ பூவாளியோடு அசைந்து அசைந்து வருகிறது. நான் நினைவில் வைத்திருந்தது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. முப்பது வருஷக் கவலையை அவளிடம் கேட்டேன். "அந்தப் பூவாளில தண்ணி தீர்ந்துட்டா யாருடா ஊத்துவா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "படம் ஆரம்பிக்கும்போதே அந்த மாமா குளத்துல நீந்தினாரே, பார்க்கலையா? அதுல போய் மொண்டுக்கும்."